வெட்டினால் மட்டும் போதுமா?

இமயமலையின் அடிவாரத்தில் இமாச்சலப் பிரதேசம் இருக்கிறது. அங்கே காங்ரா என்று ஒரு மாவட்டம். வடக்கே பனி மூடிய தௌலாதார் மலை. தெற்கே சிறிய குன்றுகள். குன்றுகளின் சரிவில் வயல்கள், வீடுகள், புல்வெளிகள்.

வீட்டுக்கு வீடு மாடு உண்டு. மாட்டுக்குப் புல் வேண்டும். அதற்காகக் குடும்பங்கள் சரிவில் கொஞ்சம் நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கும். அந்த நிலத்துக்குக் 'காஸ்னி' என்று பெயர். மழைக்காலம் முழுவதும் காஸ்னிக்குள் மாட்டை விடமாட்டார்கள். புல் இடுப்பு உயரம் வளரும். மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுப்பார்கள். காய வைத்துப் போராக அடுக்குவார்கள். குளிர்காலத்தில் மாடு அதைத்தான் தின்னும். அறுப்பதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

அங்கே ஒரு சிற்றூர். அந்த ஊரின் காஸ்னிகளில் பாதிக்கு மேல் உண்ணிச்செடி ஏறிவிட்டது. புல் அறுக்கப் பெண்கள் இரண்டு குன்று தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஜூன் மாதம். மழை இன்னும் வரவில்லை. வைக்கோலும் தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் மாட்டை அவிழ்த்துச் சரிவில் மேய விட்டார்கள். புல் காய்ந்து கிடந்தது. பச்சையாக இருந்தது உண்ணிச்செடி மட்டும்தான். பசித்த மாடு அதைத் தின்றது.

மறுநாள் மாடு தீனி எடுக்கவில்லை. அசை போடவில்லை. சாணமும் போடவில்லை. வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடியது. இரண்டு நாளில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. அது கறுப்பும் வெள்ளையுமான மாடு. வெள்ளை இருந்த இடத்தில் மட்டும் தோல் தடித்து உரிந்தது. கறுப்பு இருந்த இடம் நன்றாக இருந்தது.

"பஹூ, மாட்டுக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள். மிளகாய் சுற்றிப் போடு" என்றார் மாமியார். பஹூ என்றால் அந்த ஊரில் மருமகள்.

"சுற்றிப் போடுகிறேன் அம்மாஜி. அப்படியே மாட்டு டாக்டரையும் கூட்டி வருகிறேன்" என்றாள் மருமகள்.

டாக்டர் வந்தார். கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். சரிவையும் ஒரு முறை பார்த்தார்.

"உண்ணிச்செடி தின்றிருக்கிறது. ஈரல் கெட்டுப்போயிருக்கிறது" என்றார்.

உண்ணிச்செடியின் இலையில் லான்டடீன் என்ற நஞ்சு உண்டு. அது மாட்டின் ஈரலைத் தாக்கும். பித்தநீர் ஓடும் வழி அடைபடும். பித்தநீர் இரத்தத்தில் கலக்கும். மஞ்சள் காமாலை வரும். மாடு தின்னும் பச்சை இலையிலிருந்து ஒரு பொருள் உண்டாகிறது. நல்ல ஈரல் அதைப் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். ஈரல் கெட்டால் அந்தப் பொருள் இரத்தத்தில் தங்கிவிடும். அப்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். கறுத்த தோல் வெயிலைத் தாங்கும். வெளுத்த தோல் தாங்காது. மாமியார் கண்ணேறு என்று நினைத்தது இதைத்தான்.

டாக்டர் மருந்துக் கரித்தூளைக் கரைத்துக் குழாய் வழியே மாட்டின் வயிற்றுக்குள் செலுத்தினார். வயிற்றில் மீதி இருக்கும் நஞ்சைக் கரித்தூள் பிடித்துக்கொள்ளும். "இருட்டான தொழுவத்தில் கட்டுங்கள். வெயிலில் விடவே கூடாது. தண்ணீர் நிறையக் கொடுங்கள்" என்றார். அடுப்புக் கரியைத் தூளாக்கிக் கொடுத்தால் போதுமா என்று மாமியார் கேட்டார். போதாது என்றார் டாக்டர்.

மாடு பிழைத்தது. ஆனால் எழுந்து நன்றாகத் தின்ன மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் பால் இல்லை. பால் பணமும் இல்லை.

இந்த நோயைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் அதே காங்ரா மாவட்டத்தில் இருக்கிறார்கள். பாலம்பூரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை ஒன்று உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கிறது.

அழகுக்காக வந்த செடி

உண்ணிச்செடி நம் நாட்டுச் செடி அல்ல. அதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பூ அழகாக இருக்கும். ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். ஐரோப்பியர்கள் அதைத் தோட்டத்தில் வளர்த்தார்கள். ஏறக்குறைய 1809ஆம் ஆண்டில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அது வந்தது. பிறகு வீட்டுக்கு வேலியாக வைத்தார்கள். முள் உண்டு, மாடும் பொதுவாகத் தொடாது. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார்கள்.

வேலி வேலியாக நிற்கவில்லை. காய் பழுத்தால் கறுப்பாகும். கொண்டைக்குருவியும் மைனாவும் அதை விரும்பித் தின்னும். விதையை எச்சத்தோடு காட்டில் போடும். இப்படி நாடு முழுவதும் பரவியது. அதற்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் உண்டு. இந்தியில் ராய்முனியா. உத்தராகண்ட் மலையில் குரி. மலையாளத்தில் அரிப்பூ, கொங்கிணிப்பூ. தமிழில் உண்ணிச்செடி. அறிவியல் பெயர் லன்டானா.

2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியக் காடுகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 54 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் உண்ணிச்செடி இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர்தான். அப்படியானால் இந்தச் செடி பிடித்திருக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இது வளரும் இடத்தில் புல் வளராது. புதர் வெளிச்சத்தை மறைக்கும். வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் வரும் பொருள்கள் மற்ற விதைகளை முளைக்க விடாது. கத்திகள் என்ற ஆட்டு இடையர்கள் குளிர்காலத்தில் உயர்ந்த மலையிலிருந்து காங்ராவின் தாழ்ந்த குன்றுகளுக்கு ஆட்டை ஓட்டி வருவார்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தையும் உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. புதருக்குள் காட்டுப்பன்றி படுத்துக்கிடக்கும். சிறுத்தையும் பதுங்கும். பெண்கள் தனியாகப் புல்லுக்குப் போகப் பயப்படுவதற்கு அது ஒரு காரணம்.

தோற்ற கதை

மாடு எழுந்த வாரத்தில் ஊரின் மகிளா மண்டல் கூடியது. இமாச்சலத்தில் ஊர்தோறும் மகிளா மண்டல் என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. மருமகள்தான் பேச்சை எடுத்தாள்.

"இந்தச் செடியை ஒழிக்க வேண்டும் தீதி."

தலைவி சிரித்தார். அவருக்கு வயது அறுபது. "நாங்கள் ஒழிக்காததா? என் மாமனார் காலத்தில் தீ வைத்தார்கள். மழை வந்ததும் இரண்டு மடங்கு வந்தது. பிறகு ஆள் வைத்து வெட்டினோம். அதற்குச் சங்கப் பணம் எல்லாம் போனது. ஒரு தண்டை வெட்டினால் பத்துத் தண்டு வந்தது."

அவர் சொன்னது உண்மை. உண்ணிச்செடியின் பலம் மேலே இல்லை. தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே விரல் அளவு ஆழத்தில் அந்த இடம் உண்டு. அங்கே தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. வேரில் உணவு சேமிப்பாக இருக்கிறது. மேலே உள்ள தண்டு போனால் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். சேமிப்பிலிருந்து உணவை எடுத்துத் துளிர்க்கும். தீயும் அப்படித்தான். மேலே உள்ளதைத்தான் எரிக்கும். மண்ணுக்குள் இருப்பதைத் தொடாது. புல்லின் விதையும் சின்ன மரக்கன்றும்தான் எரிந்துபோகும். காலியான இடத்தில் உண்ணிச்செடி இன்னும் வேகமாக வரும்.

பூச்சியை வைத்து ஒழிக்கவும் அரசு முயன்றது. 1921இல் விதையைத் தின்னும் ஓர் ஈயைக் கொண்டுவந்தார்கள். 1941இல் இலையை உறிஞ்சும் ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் இன்னும் காட்டில் இருக்கின்றன. செடியும் இருக்கிறது.

"அப்படியானால் நேராக மருந்து அடித்துவிடலாமே" என்றாள் ஒருத்தி. அவள் கணவன் கடையில் களைக்கொல்லி வாங்கி வந்து ஒரு புதரில் அடித்திருந்தான். வெளி இலைகள் கருகின. உள்ளே மருந்து போகவே இல்லை. ஆளை விட உயரமான புதர். அடர்த்தியான முள். ஒரு புதருக்கே தெளிப்பான் காலியாகிவிட்டது. பாதி மருந்து கீழே இருந்த புல்லில் விழுந்தது. புல் செத்தது. புதர் பிழைத்தது.

இரண்டும் சேர்ந்தால்

அடுத்த கூட்டத்துக்கு வேளாண் அலுவலர் ஒருவரை அழைத்தார்கள். அவரும் ஒரு பெண். அவர் கரும்பலகையில் ஒரு செடியை வரைந்தார். மேலே இலை, கீழே வேர்.

"இலை சமையல் செய்கிறது. செய்த உணவை வேருக்கு அனுப்புகிறது. வேர் அதைச் சேர்த்து வைக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலையில் பட்டால் அந்த உணவோடு சேர்ந்து வேருக்குப் போகும். போய் வேரைக் கொல்லும். அதுதான் அதன் வேலை."

"பிறகு ஏன் புதர் சாகவில்லை?" என்று கேட்டாள் மருமகள்.

"பெரிய புதருக்கு வேரில் நிறைய சேமிப்பு இருக்கிறது. முற்றிய இலை மருந்தை எளிதில் உள்ளே விடாது. புதருக்கு நடுவே மருந்து எட்டவும் எட்டாது. அதனால் முதலில் வெட்டுங்கள். துளிர் விட வேரில் உள்ள சேமிப்பைச் செடியே செலவழிக்கும். கடன்காரன் பெட்டியைக் காலி செய்வது போல. பிறகு இளம் இலை நிறைய வரும். அது முழங்கால் உயரத்தில் இருக்கும். கைக்கு எட்டும். அப்போது அடித்தால் கொஞ்சம் மருந்தே போதும்."

"துளிர்த்த உடனே அடித்தால்?" என்று தலைவி கேட்டார். நல்ல கேள்வி. துளிர் சின்னதாக இருக்கும்போது உணவு வேரிலிருந்து மேலே போகிறது. மருந்து கீழே போகாது. இலை நன்றாக விரிந்த பிறகுதான் உணவு மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கும். மழை குறைந்து குளிர் வரும் முன்பு செடி வேருக்கு நிறைய உணவு அனுப்பும். அதுதான் சரியான சமயம். காங்ராவில் அது செப்டம்பர் மாதம். ஆகவே மழை தொடங்கும்போது வெட்ட வேண்டும். மழை ஓயும்போது அடிக்க வேண்டும்.

"ஆனால் ஒன்று" என்றார் அலுவலர். "நீங்களே அடிக்கக் கூடாது."

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. கிளைபோசேட்டால் மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கு வரலாம் என்று அதில் சொல்லப்பட்டது. உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது அந்த ஆணை. அதற்கு முன்பே 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. சில நாடுகளின் அரசு அமைப்புகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் எப்படிப் போனாலும், கையில் படும் மருந்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. டப்பாவில் ஒட்டிய சீட்டைப் படிக்க வேண்டும். எந்த மருந்து டப்பாவிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள். அடுத்தது நீலம். கடைசி பச்சை. பச்சை என்றால் நஞ்சு இல்லை என்று அர்த்தம் அல்ல. நஞ்சு குறைவு என்றுதான் அர்த்தம். சாலை விளக்கில் பச்சை என்றால் போகலாம். டப்பாவில் அப்படி இல்லை.

சரிவைப் பங்கிட்டார்கள்

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சரிவுக்குப் போனார்கள். சரிவு ஒரே மாதிரி இல்லை. எனவே வேலையும் ஒரே மாதிரி இருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள்.

மேல் பகுதி வனத்துறைக்குச் சொந்தம். அங்கே அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. பிரதான் வனத்துறைக்கு மனு எழுதினார். அந்தப் பகுதியை அப்போதைக்கு விட்டுவிட்டார்கள். பிரதான் என்றால் பஞ்சாயத்துத் தலைவர்.

கீழே ஓர் ஓடை. ஊருக்குக் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது. ஓடைக்கு அருகில் மருந்தே வேண்டாம் என்றார் மருமகளின் மாமியார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அங்கே வேறு வழியைப் பின்பற்றினார்கள். அந்த வழியைக் கண்டு சொன்னவர்கள் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் வேலை செய்தவர்களும். உத்தராகண்டில் உள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

அந்த வழி எளிது. ஆனால் இடுப்பு வலிக்கும். புதரின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்க வேண்டும். மண்ணுக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். தூங்கும் மொட்டுகள் இருக்கும் இடம் மேலே வந்துவிடும். கீழே உள்ள வேர் துளிர்க்காது. வெட்டிய புதரைத் தலைகீழாகப் போட வேண்டும். நேராகப் போட்டால் ஈர மண்ணில் தண்டு மறுபடி வேர் பிடிக்கும். இதில் மண்ணை அதிகம் கிளறுவதில்லை. பெரிய குழி விழுவதில்லை. மழையில் சரிவு கரைவதில்லை. புதரை அப்படியே பிடுங்கி எடுத்தால் சரிவு கரையும்.

நடுப்பகுதியில் புதர்கள் மிக நெருக்கம். பாறை நிறைய. மண்வெட்டி இறங்காது. ஒவ்வொரு வேராகத் தேடி வெட்ட ஆள் போதாது. அங்கேதான் வெட்டும் மருந்தும் சேர்ந்த வழி. புதருக்குக் கீழே புல் எதுவும் இல்லாததால் புல் சாகுமே என்ற கவலையும் இல்லை.

ஓரத்தில் நல்ல புல்லுக்கு நடுவே ஒன்றிரண்டு புதர்கள் இருந்தன. அங்கே தெளித்தால் புல்லும் செத்துவிடும். கிளைபோசேட்டுக்குப் புல், செடி என்ற வேறுபாடு கிடையாது. பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். அங்கே அடியோடு வெட்டி, வெட்டிய கட்டையில் உடனே தூரிகையால் மருந்து தடவுவது என்று முடிவானது. வெட்டிச் சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். காயம் காய்ந்தால் மருந்து உள்ளே போகாது. ஒருவர் வெட்ட, உரிமக்காரர் பின்னாலேயே தடவிக்கொண்டு போக வேண்டும்.

ஜூலையில் வெட்டு

முதல் மழை விழுந்தது. மண் இளகியது. இருபது பெண்கள் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வெட்டினார்கள். தராட்டி என்று அவர்கள் சொல்லும் அரிவாளும் கொடுவாளும் கையில் இருந்தன. முள்ளுக்குப் பழைய சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். புதருக்குள் பாம்பு இருக்கலாம் என்று முதலில் நீண்ட கம்பால் தட்டினார்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினார்கள். வெட்டியதை ஒரே இடத்தில் குவித்தார்கள்.

ஒரு தவறும் நடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் ஆடுகள் வந்துவிட்டன. காய்ந்த இலைதானே, ஒன்றும் செய்யாது என்று ஆட்டுக்காரப் பெரியவர் விட்டுவிட்டார். காய்ந்தாலும் உண்ணிச்செடியின் நஞ்சு போகாது. நல்லவேளை, மருமகள் பார்த்துவிட்டாள். ஆடுகளை விரட்டினாள். அன்று மாலையே குவியலைச் சுற்றி முள்வேலி போட்டார்கள்.

தடித்த தண்டுகளை விறகுக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தண்டு வேறு வேலைக்கும் உதவும். கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் இதைக் கொதிக்க வைத்துத் தோலுரித்து நாற்காலி, கூடை செய்கிறார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதில் ஆள் உயரத்துக்கும் மேலான யானை உருவங்கள் செய்தார்கள். அந்த யானைகள் 2021இல் லண்டன் நகரப் பூங்காக்களில் நின்றன. ஆனால் நாற்காலி செய்தே இந்தச் செடியைத் தீர்த்துவிட முடியாது. அவ்வளவு செடி இருக்கிறது.

செப்டம்பரில் மருந்து

வெட்டிய கட்டைகள் துளிர்த்தன. செப்டம்பர் பாதியில் துளிர் முழங்காலைத் தாண்டியது. இலை நன்றாக விரிந்தது. பூ வரவில்லை. உரிமம் பெற்ற ஆள் நகரத்திலிருந்து வந்தார். சங்கப் பணத்திலிருந்து அவருக்குக் கூலி.

அவர் கலக்குவதைப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். மருமகள் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். டப்பாச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கணக்கும் போட்டாள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு மருந்து 10 மில்லி. தெளிப்பான் பிடிப்பது 15 லிட்டர்.

15 × 10 = 150 மில்லி.

"ஒரு டம்ளர் ஊற்றினால் சரியாக இருக்குமே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. டம்ளர் பிடிப்பது 200 மில்லி. 50 மில்லி அதிகமாகிவிடும். அதிகம் ஊற்றினால் நல்லதுதானே என்று பலர் நினைப்பார்கள். அது தவறு. மருந்து கடுமையானால் இலை சீக்கிரம் கருகிவிடும். கருகிய இலை மருந்தை வேருக்கு அனுப்பாது. பணமும் வீண். அது இருக்கட்டும், குடிக்கும் டம்ளரை மருந்துக்கு எடுக்கவே கூடாது. அளவு குடுவை தனியாக வேண்டும்.

ஓடைத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதைக் கலக்க வேண்டாம் என்றார் வந்தவர். இந்த மருந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சேறு கலந்த தண்ணீரில் மருந்தின் பலம் போய்விடும். வீட்டிலிருந்து தெளிந்த தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

வந்தவர் ரப்பர் காலணி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டிருந்தார். வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. அடித்த பிறகு ஆறு மணி நேரமாவது மழை வரக் கூடாது. இலையில் பனி காயும்வரை காத்திருந்தார். காற்று முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றார். தெளிப்பானின் மூக்கில் ஒரு மூடி மாட்டியிருந்தார். மருந்து பக்கத்தில் சிதறாமல் இருக்க அது. இலை நனையும் அளவுக்கு அடித்தார். வழிந்து சொட்டும் அளவுக்கு அடிக்கவில்லை.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று முதல் நாளே ஊரில் சொல்லியிருந்தார்கள். ஒருவேளை மருந்து தோலில் பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்க்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டப்பாவைப் பார்த்தால்தான் டாக்டருக்கு மருந்தின் பெயர் தெரியும்.

தெளிப்பானை ஓடையில் கழுவவில்லை. கழுவிய தண்ணீரையும் துளிர்கள் மேலேயே தெளித்துவிட்டார். காலி டப்பாவை ஒரு பாட்டி கேட்டார். நல்ல மூடி இருக்கிறது, எண்ணெய் வைக்கலாம் என்றார். வந்தவர் கொடுக்கவில்லை. ஆணியால் ஓட்டை போட்டுத் தன்னோடு எடுத்துப்போனார். பாட்டிக்குக் கோபம். ஆனால் அவர் செய்தது சரி.

மூன்று நாள் ஆயிற்று. இலை பச்சையாகவே இருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் அரிவாளோடு வெட்டவே போய்விட்டார். மருமகள் போய்த் தடுத்தாள். இப்போது வெட்டினால் வேருக்குப் போகும் மருந்து பாதி வழியில் நின்றுவிடும். பத்தாம் நாளுக்கு மேல் இலை மஞ்சளாகத் தொடங்கியது. மூன்றாம் வாரம் காய்ந்து உதிர்ந்தது. பிறகு கட்டையை ஆட்டிப் பார்த்தார்கள். அடி கறுத்திருந்தது.

வேலை முடியவில்லை

எல்லாக் கட்டையும் சாகவில்லை. பாறை இடுக்கில் இருந்தவை சில மறுபடி துளிர்த்தன. அவற்றுக்கு அடுத்த ஆண்டும் வெட்டும் மருந்தும் வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாம் முறைக்கு ஒரே ஒரு தெளிப்பான் மருந்து போதுமானதாக இருந்தது.

காலியான இடத்தை அப்படியே விடக் கூடாது. விட்டால் வேறு களை வரும், அல்லது இதே செடி விதையிலிருந்து வரும். அடுத்த மழையில் பெண்கள் நேப்பியர் புல் கரணைகளையும் செட்டேரியா புல் கட்டைகளையும் நட்டார்கள். இரண்டும் காங்ராவில் நன்றாக வரும். ஓரத்தில் தீவன மரக் கன்றுகள் வைத்தார்கள். மருந்து அடித்த பகுதியில் அந்த ஆண்டு முழுவதும் மாட்டை விடவில்லை.

மேல் பகுதிக்கு வனத்துறையின் அனுமதி இன்னும் வரவில்லை. அங்கே பழம் பழுக்கும். பறவை தின்னும். விதை கீழே வரும். இதைத் தலைவி பிரதானிடம் மாதம் ஒரு முறை நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் செப்டம்பரில் மருமகள் தன் காஸ்னியில் புல் அறுத்தாள். பதினோரு கட்டு கிடைத்தது. முந்தின ஆண்டு மூன்று கட்டுதான். அவளுடைய மாமியார் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு மரத்தடிக்குப் போனார். அந்த மரத்தில்தான் மாலையில் மைனாக்கள் அடையும். மரத்தடியில் உண்ணிச்செடியின் நாற்றுகள் விரல் உயரத்தில் முளைத்திருந்தன.

"பஹூ, இங்கே வா. மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கிவிடலாம்."

"இதோ வருகிறேன் அம்மாஜி."

இருவரும் குந்தி உட்கார்ந்து எண்ணிப் பிடுங்கினார்கள். நாற்பத்திரண்டு நாற்றுகள். வேரை மேலே பார்க்க வைத்துப் பாறை மேல் வெயிலில் பரப்பினார்கள்.